காக்காவுக்குக் கொடுத்த தமிழ்

எங்கள் வீட்டு டிவிக்குக் குரல் போனது ஒரு மழைக்காலத்தில். திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் அப்போது வாடகைக்குக் குடியிருந்தோம். மேலே வீட்டுக்காரம்மா இருந்தார். கேபிள் இணைப்பு அவருடையது. ஒரு ஒயரைக் கீழே இழுத்து எங்களுக்கும் கொடுத்திருந்தார். ஒரு சாயங்காலம் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. அதற்குப் பிறகு டிவியைப் போட்டால் படம் மட்டும் ஓடும், சத்தம் வராது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், போகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் ஓட்டிவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் ஒரு பெட்டி வாயை மூடிக்கொண்டிருந்தது சௌகரியமாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் நானும் தங்கச்சியும் அதற்காகப் பேச ஆரம்பித்தோம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் பார்த்ததெல்லாம் விலங்குகளை வைத்து எடுத்த பழைய கார்ட்டூன் படங்கள். வெளிநாட்டில் எந்தக் காலத்திலோ வரைந்தவை. ஒவ்வொன்றும் உட்கார்ந்து கால் மாற்றிப் போடுவதற்குள் முடிந்துவிடும். பன்றி பியானோ வாசிக்கும். கரடி கடை வைத்திருக்கும். பசு மாடு பாவாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகும். சத்தம் இருந்தபோதும் அவை பேசிய இங்கிலீஷ் எங்களுக்குப் புரிந்ததில்லை. எனவே பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

அம்மா வியாபாரிகளுக்கு விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக் கொடுப்பார். மூட்டை வந்து கூடத்தில் இறங்கிவிடும். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண் டிவியில் இருக்க, விரல்கள் தானாக உடைத்துக்கொண்டிருக்கும். நாங்களும் இரண்டு பக்கம் உட்கார்ந்து உடைத்துக்கொண்டே பேசுவோம். கரடிக் கடைக்காரனுக்கு எங்கள் தெரு மளிகைக்காரர் குரல். பியானோ வாசிக்கும் பன்றிக்கு அப்பா ஓட்டும் பேருந்தின் கண்டக்டர் குரல். பசுவுக்கு வீட்டுக்காரம்மாவின் குரலைக் கொடுத்தபோது அம்மா மாடியை அண்ணாந்து பார்த்து, "மெதுவா பேசுங்கடி, காதுல வுழப் போவுது" என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு அந்தப் படங்களைப் பற்றித் தனியாகச் சில குறைகள் இருந்தன.

"இவங்க ஊர்ல எருமையே கெடையாதா? பசுவுக்குப் பாவாடை தெச்சிப் போடறாங்க, ஒரு எருமையக் காட்ட மாட்டேன்றாங்களே."

இன்னொரு நாள் ஒரு அணில் வந்தது. அம்மா கையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது இன்னா அணிலு? முதுகுல கோடே இல்ல."

"அந்த ஊரு அணிலு அப்படித்தாம்மா."

"எந்த ஊரா இருந்தா இன்னா, கோடு இல்லாம இன்னா அணிலு" என்று சொல்லிவிட்டு மறுபடி உடைக்க ஆரம்பித்தார். அதன் பிறகு அந்த அணில் வரும்போதெல்லாம் அதைப் பெருச்சாளி என்றுதான் சொல்வார்.

தங்கச்சி காக்காவை எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி. பன்றி என்ன நிறம், கரடியின் சட்டை என்ன நிறம் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. காக்கா மட்டும்தான் காக்காவாகவே இருந்தது. "இது கலரு ஒண்ணுதான் எனக்கு நிச்சயமா தெரியும்" என்பாள். இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டில் அவள்தான் கறுப்பு. தெருவில் பிள்ளைகள் அவளைக் காக்கா என்று கூப்பிட்டார்கள். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. கூப்பிட்டவர்களைத் துரத்திக்கொண்டு ஓடித்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படங்களில் வரும் காக்காவுக்கு உதடு பெரிதாக இருக்கும். கிழிந்த கோட்டு போட்டிருக்கும். எல்லா விலங்குகளும் வேலை செய்யும்போது அது மரத்தடியில் தூங்கும். யாராவது எழுப்பினால் தள்ளாடிக்கொண்டே வரும், ஏதாவது ஒன்றைத் திருடும், அடி வாங்கும். இதுதான் படத்துக்குப் படம் அதன் கதை. படத்தை எங்களால் மாற்ற முடியாது. தங்கச்சி பேச்சை மாற்றினாள். காக்கா தூங்கும்போது நான் கரடியின் குரலில் அதட்டினால், அவள் குறுக்கே வருவாள்.

"அத எழுப்பாத. நைட் டூட்டி பாத்துட்டு வந்து படுத்துக்கினு இருக்குது."

காக்கா முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "திருடல, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போவுது. ஜல்தியா போவணும், வழி வுடுங்க" என்பாள். கோழி அதை விளக்குமாற்றால் அடிக்கும்போது மட்டும் அவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்காது. அப்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

அப்பா ஒரு வழியாக அந்த டிவியைக் கொடுத்துவிட்டுக் கலர் டிவி வாங்கியபோது நான் பத்தாவது முடித்திருந்தேன். அதற்குள் எங்களுக்கு வேறு நிகழ்ச்சிகள் பிடிக்க ஆரம்பித்துவிட்டன.

கல்லூரிக்குச் சென்னை வந்தேன், விடுதியில் தங்கினேன். முதல் வாரமே ஒரு காலையில் வாளியோடு நின்று, "குளிச்சிக்கினு வர்றேன், எடம் புடிச்சி வெய்யி" என்று சொன்னேன். அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு என்று கேட்டார்கள், நானும் சொன்னேன். ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் 'கினு' என் வாயிலிருந்து போய்விட்டது. ஊருக்குப் போகும்போது மட்டும், ரயில் ஒலக்கூர் தாண்டியதும் அது தானாகத் திரும்பி வரும். திரும்பும்போது செங்கல்பட்டுக்குள் காணாமல் போய்விடும்.

கல்லூரியில் நாடகம் போட்டதைப் பார்த்து ஒருவர் டப்பிங்குக்குக் கூப்பிட்டார். முதலில் கூட்டத்தில் பேசும் குரல்கள், பிறகு தொடர்களில் தோழி, அண்ணி. அப்படியே அது தொழிலாகிவிட்டது. கல்யாணம், குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவே மைக் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். அப்பா போன பிறகு அம்மா விழுப்புரத்தில் தங்கச்சியோடு இருக்கப் போனார். தங்கச்சி அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ்.

சில வருஷங்களுக்கு முன்னால், நான் வழக்கமாகப் பேசும் ஸ்டூடியோவுக்குப் பழைய விலங்குக் கார்ட்டூன்கள் ஒரு கட்டாக வந்தன. குழந்தைகள் சேனல் ஒன்று அவற்றைத் தமிழில் கேட்டிருந்தது. திரையில் முதல் படம் ஓடியதும், மைக்கை விட்டு விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பியானோ வாசிக்கும் பன்றியின் சட்டை மஞ்சள் நிறம். கரடியின் தொப்பி பச்சை. இத்தனை காலம் கழித்து அதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை.

டப்பிங் இயக்குநர் நல்ல மனிதர். வேலையில் அவருக்கு ஒரு சுலபமான கணக்கு இருந்தது. கண்ணிமை முடி நீளமாக இருந்தால் அது பெண், அதை என்னிடம் தள்ளிவிடுவார். பசு, கோழி, வாத்து எல்லாம் எனக்கு. பெரும்பாலும் அவற்றுக்கு "அய்யோ" என்றும் "காப்பாத்துங்க" என்றும்தான் வசனம். நாலைந்து படம் முடிந்த பிறகு காக்கா வந்தது.

"இந்தக் காக்காவுக்கு மட்டும் லோக்கலா ஒரு பேச்சு வேணும்மா. நீங்க திண்டிவனம் பக்கம்தானே? கொஞ்சம் பேசிக் காட்டுங்களேன்."

காக்கா ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்கும் காட்சி. நான் எதையும் யோசிக்கவில்லை. "இன்னாம்மா, தண்ணி கொஞ்சம் குடும்மா. தூரத்திலேர்ந்து பறந்துக்கினு வர்றேன்" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மற்ற குரல் கலைஞர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரே டேக்கில் சரியானது. அன்று நான் பேசிய காக்கா எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். இத்தனை வருஷம் எங்கோ வைத்திருந்த ஒன்றைக் கையில் எடுத்தது போல இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஷேர் ஆட்டோவில் எனக்குள்ளேயே அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அடுத்து வந்த சில படங்களிலும் காக்காவுக்கு அதே பேச்சுதான்.

அந்தப் படம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. அதற்காகவே விழுப்புரம் போனேன். அம்மா அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். கூடம் நிறைந்திருந்தது. காக்கா கதவைத் தட்டி வாயைத் திறந்ததும் ஒரே சிரிப்பு. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் பொண்ணுதான், என் பெரிய பொண்ணுதான் பேசறா. பாரு, நம்ம பேச்சையே பேசறா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு தங்கச்சி தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். சிரித்தவர்களில் அவளும் இருந்தாள். ஆனால் ஏதோ யோசனையில் இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அது இன்னா சொல்லிச்சி, தண்ணிதான கேட்டுச்சி? தண்ணி கேக்கறதுல சிரிக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"நம்ம பேச்சு டிவியில வந்துச்சில்ல, அந்த சந்தோஷம்."

"நம்ம வீட்ல சரி. நம்ம பேச்சு தெரியாத ஊர்லயும் சிரிச்சிக்கினுதான இருப்பாங்க? கரடி, பன்னி எல்லாம் டீச்சர் மாதிரி பேசுதுங்க. சோம்பேறி, திருடன், ஒதை வாங்கறது, அது ஒண்ணுதான் நம்ம மாதிரி பேசுது. எங்க ஆஸ்பத்திரில ஓமந்தூர்லேர்ந்து, மரக்காணத்திலேர்ந்து எல்லாம் வர்றாங்க. வலிக்குதுன்னு இதே பேச்சுலதான் சொல்றாங்க. புதுசா வந்த டாக்டரு ஒருத்தரு வாய மூடிக்கினு சிரிக்கறாரு. எங்கேர்ந்து கத்துக்கினாரோ."

அவள் தட்டுகளைக் கழுவப் போனாள்.

சென்னை திரும்பியதும் இயக்குநரிடம் அந்தப் படத்தின் அசல் ஒலியைப் போடச் சொன்னேன். டப்பிங் பேசும்போது காதில் அது சன்னமாக ஓடும், ஆனால் நான் வாயசைவைத்தான் பார்ப்பேனே தவிர கவனித்துக் கேட்டதில்லை. இப்போது கேட்டேன். மற்ற விலங்குகள் தெளிவாக, சுத்தமாக இங்கிலீஷ் பேசின. காக்கா மட்டும் இழுத்து இழுத்துப் பேசியது. வார்த்தைகளைப் பாதியில் விழுங்கியது.

"காக்காவ மட்டும் ஏன் சார் இப்படிப் பேச வெச்சிருக்காங்க?"

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "அது அந்தக் காலத்து அமெரிக்காவுல கறுப்பின மக்களக் கிண்டல் பண்றதுக்குன்னே வரைஞ்சதும்மா. அந்த உதடு, அந்தத் தூக்கம், அந்தப் பேச்சு எல்லாம் அதுக்குத்தான். அவங்களப் பத்தி என்னென்ன கேவலமா நெனச்சாங்களோ அதையெல்லாம் ஒரு பறவ மேல ஏத்தி விட்டுட்டாங்க. இப்ப அங்கயே சில படங்கள வெளியில விடறதில்ல. விட்டாலும் முன்னால ஒரு விளக்கம் போடறாங்க."

"அப்போ அந்தப் பேச்சுக்குப் பதிலாத்தான் நாம..."

நான் முடிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கன்சோலில் ஏதோ ஒரு பட்டனைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் அந்த மாதிரி நெனச்சுச் செய்யலம்மா" என்றார். எனக்கும் அது தெரியும். அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. தங்கச்சியைக் காக்கா என்று கூப்பிட்ட எங்கள் தெருப் பிள்ளைகளைப் போலவே, தமிழ் தெரியாத யாரோ கறுப்பானவர்களைக் காக்காவாக வரைந்திருந்தார்கள். அந்தக் காக்காவின் வாயில் எங்கள் பேச்சு தானாகப் போய்ப் பொருந்திக்கொண்டது. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மீதியிருந்த படங்களில் காக்காவையும் மற்றவை போலவே பேச வைப்போம் என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். அடுத்த படத்திலிருந்து காக்கா "கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏண்டி, நம்ம காக்காவுக்கு இன்னா ஆச்சி? நியூஸ் வாசிக்கறவங்க மாதிரி பேசுது."

"நல்லா இல்லியாம்மா?"

"அது ஒண்ணுதான் எனக்குப் புரியற மாதிரி பேசிக்கினு இருந்துச்சி. பகல்ல நான் தனியாத்தான குந்திக்கினு இருக்கறேன். உன் தங்கச்சி டூட்டிக்குப் போயிடறா. வூட்ல ஒருத்தர் பேசறாப்பல இருந்துச்சி. அதுவும் போச்சி."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காக்காவிடமிருந்து எங்கள் பேச்சைப் பிடுங்கியதில், அந்தத் தொடரிலேயே எங்கள் பேச்சு இல்லாமல் போயிருந்தது. எல்லா விலங்குகளும் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிட்டன. அது எந்த ஊர் என்றும் சொல்ல முடியாது.

மறுநாள் இயக்குநரிடம் போய் வேறு மாதிரி கேட்டேன். ஒரு படத்தில் ஒரு கோழி, ஓநாயை ஏமாற்றித் தன் குஞ்சுகளோடு ஊரில் இருக்கும் எல்லாக் குஞ்சுகளையும் காப்பாற்றிவிடும். கண்ணிமை முடி நீளமாக இருந்தும் "காப்பாத்துங்க" என்று ஒரு தடவைகூடக் கத்தாத கோழி. அது என் பேச்சைப் பேசட்டும் என்றேன். "சேனல்ல ஒத்துக்குவாங்களான்னு தெரியல. ஒரு சாம்பிள் எடுத்து அனுப்புவோம்" என்றார்.

அந்தப் பதிவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோழி, குஞ்சுகளை வரிசையாக நிறுத்திச் சொல்கிறது. "சத்தம் போடாம என் பின்னால வந்துக்கினே இருங்க. திரும்பிப் பாக்காதீங்க. நான் இருக்கறேன்." பேசி முடித்து நிமிர்ந்தால், சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷமாக எனக்கு ஒலிப்பதிவு செய்கிறவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் புத்தகத் தமிழ்தான் வரும். டீ குடிக்க வெளியே வந்தபோது மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"மேடம், நானு மரக்காணம் பக்கம். எங்கப்பா கடலுக்குப் போறவரு."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே?"

"நீங்களும் சொல்லலியே. காக்கா பேசினப்பதான் தெரியும். அப்ப எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்களா, அதனால சொல்லல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கோழி சூப்பரா இருக்குது மேடம். எங்கம்மா பேசறாப்பல இருந்துச்சி" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் டீக்கடையில் எங்கள் பேச்சிலேயே பேசிக்கொண்டோம். இயக்குநர் வந்தாலும் மாற்றவில்லை.

சாம்பிள் திரும்பி வந்தது. சேனலில் இருந்து ஒரே ஒரு கேள்வி வந்திருந்தது. கோழி காமெடி கேரக்டர் இல்லையே, பிறகு ஏன் இப்படிப் பேசுகிறது? இயக்குநர் அதை எனக்குப் படித்துக் காட்டவே சங்கடப்பட்டார். கோழியைப் பொதுத்தமிழில் மறுபடி பேசினேன். நன்றாகவே பேசினேன். தொழில் அது. இன்ஜினியர் அன்று கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கவே இல்லை.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இயக்குநருக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அடுத்த கட்டுப் படங்கள் வந்தபோது அவராகவே ஒரு யோசனை சொன்னார். "பெரிய கேரக்டரத் தொட்டாத்தாம்மா கேள்வி வரும். ரெண்டு வரி, மூணு வரி பேசிட்டுப் போற ஆளுங்க இருக்காங்கல்ல, அங்க வெப்போம். யார் கவனிக்கப் போறாங்க." அப்படித்தான் ஒரு நாய் ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் பேச்சில் ரயிலை அனுப்பியது. ஒரு ஆமை அப்படியே பாடம் நடத்தியது. இன்னொரு படத்தில் இயக்குநர் தானே மைக் முன்னால் வந்து, வாழைத்தார் விற்கும் குரங்குக்குத் தன் சொந்த ஊரான திருநெல்வேலிப் பேச்சைக் கொடுத்தார். அவருக்கு அந்தப் பேச்சு வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். முதல் டேக்கைப் பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசினார். சேனலில் இருந்து எதற்கும் கேள்வி வரவில்லை. கேட்டு ரசித்தார்களா, கேட்கவே இல்லையா, தெரியாது.

அந்த வரிசையில் ஒரு கொக்கு டாக்டர் வந்தது. மூக்குக்கண்ணாடி, கையில் பெட்டி, காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு கன்றுக்குட்டி. கொக்கு ஆண் டாக்டர் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, நானே பேசிவிட்டேன். "பயப்படாத. மருந்து சாப்ட்டு, கஞ்சி குடிச்சிக்கினு படுத்துக்கோ. நாளிக்கு வந்து பாக்கறேன்." அவ்வளவுதான் அதன் வசனம்.

அது ஒளிபரப்பான நாள் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. வேறொரு தொடருக்காக ஸ்டூடியோவில் இருந்தேன். தங்கச்சி கூப்பிட்டாள்.

"அக்கா, அந்தக் கொக்கு டாக்டரு நீதான?"

"ஆமா. பாத்தியா?"

"இன்னிக்கி லீவு. அம்மாவும் நானும்தான் பாத்துக்கினு இருந்தோம். எதுத்த வூட்டுப் புள்ளைங்களும் இருந்துச்சிங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒருத்தரும் சிரிக்கலக்கா. டாக்டரு பேசறாருன்னு கேட்டுக்கினு இருந்தாங்க."

உள்ளே இன்ஜினியர் அடுத்த டேக்குக்குக் கையை ஆட்டினார். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன்.

"அம்மா இன்னா சொல்றாங்க?"

"இரு, அவங்களே ஏதோ கேக்கறாங்க." போனுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது. தங்கச்சி சிரித்துக்கொண்டே திரும்ப வந்தாள். "படம் பாதியில கரண்ட் போயிடுச்சி. அந்தக் கன்னுக்குட்டிக்கு ஜொரம் எறங்கிச்சா, இல்லியான்னு கேக்கறாங்க."

"எறங்கிடும்னு சொல்லு" என்றேன்.